உயிர்வேலிகளுக்கு நடுவே ஒரு சிறு கடன்

எங்கள் இருவரின் பிறந்த வீட்டிலும் முதன்முதலில் நுழைந்த வாகனம் மிதிவண்டிதான். ஒரு வீட்டில் ஹெர்குலிஸ். மற்றொரு வீட்டில் ராலே. இருக்கையில் அமர உயரம் போதாத வயதில், குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று அன்று எங்கள் தெருவில் எவரும் கேட்டதில்லை. ஹெர்குலிஸ் நிறுவனம் 1910-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தொடங்கப்பட்டது. நாட்டிங்காம் நகரில் ராலே தெரு என்னும் தெருவில் பிறந்த மற்றொரு நிறுவனம் அத்தெருவின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. பின்னர், 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் நம் நாட்டிலேயே உருவாகி வெளிவரலாயின.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, நாங்கள் ஐந்தாண்டுகளாகச் செலுத்திவந்த தொடர் வைப்புக் கணக்கு முதிர்வடைந்தது. அந்தத் தொகையில் வெளிநாடு சென்று வரலாம் என்பது முன்பே எடுத்த முடிவு. எங்கே, எவ்வாறு என்பதில்தான் கருத்து வேறுபாடு. பேருந்தில் அடைபட்டு ஏழு நாளில் ஐந்து நாடுகளைச் சுற்றிவர எங்களுக்கு விருப்பமில்லை. அந்த மிதிவண்டிகள் பிறந்த நாட்டின் கிராமங்களை மிதிவண்டியிலேயே சுற்றிப் பார்த்தால் என்ன என்று ஒருநாள் இரவு பேச்சு வந்தது. எங்களில் ஒருவருக்கு வயது 61, மற்றவருக்கு 58. ஒருவருக்கு முழங்கால் வலி உண்டு. உறவினர்கள் சிரித்தனர். மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. “மிதிப்பது நல்லதுதான், ஏற்றத்தில் வீம்புக்கு மிதிப்பதுதான் கெடுதல்” என்றார். அந்த அறிவுரையின் பொருளைப் பயணத்தின் நடுவில்தான் முழுமையாக உணர்ந்தோம்.

சாலையைச் செப்பனிடக் கோரியவர்கள்

இங்கிலாந்தில் சாலைகள் எழுத்துகளால் அறியப்படுகின்றன. ‘எம்’ என்று தொடங்குபவை விரைவுச் சாலைகள். அவற்றில் மிதிவண்டிக்கு அனுமதியில்லை. ‘ஏ’ வகை முதன்மைச் சாலைகள். ‘பி’ வகை அதற்கு அடுத்தவை. இவற்றுக்கெல்லாம் கீழே, வழிகாட்டிப் பலகைகளில் எண்ணே இல்லாத சிறு சாலைகள் நாடெங்கும் பின்னிக் கிடக்கின்றன. ஊருக்கு ஊர் செல்லும் இந்தக் கிராமச் சாலைகளே மிதிவண்டியில் செல்வோரின் புகலிடம். பல இடங்களில் ஒரே ஒரு கார் செல்லும் அகலம்தான் இருக்கும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்பதற்கு ஆங்காங்கே சற்றே அகலப்படுத்திய இடங்கள் உண்டு. இருபுறமும் ஹாதார்ன், பிளாக்பெரி முதலிய முட்செடிகள் அடர்ந்த உயிர்வேலி. வேலிக்கு அப்பால் ஆடுகள் மேயும் புல்வெளி. மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு தேவாலயக் கோபுரம் மரங்களுக்கு மேலே தலைகாட்டும். அடுத்த ஊர் வந்துவிட்டது என்று பொருள்.

இந்தச் சாலைகளின் மேன்மையில் மிதிவண்டிக்காரர்களுக்கும் பங்குண்டு என்பதைப் பலர் அறியார். மோட்டார் வாகனங்கள் தோன்றுவதற்கு முன்பே, 1878-இல் ஹாரகேட் நகரில் மிதிவண்டிச் சுற்றுலா மன்றம் ஒன்று தொடங்கப்பட்டது. சக்கரத்துக்குச் சிறகு முளைத்தது போன்ற அதன் சின்னத்தை, மன்றம் பரிந்துரைத்த விடுதிகளின் சுவர்களில் பதித்தனர். செங்குத்தான இறக்கங்களின் உச்சியில் எச்சரிக்கைப் பலகைகளை நட்டவர்களும் அக்காலத்து மிதிவண்டிச் சங்கத்தினரே. 1886-இல் அவர்கள் சாலை மேம்பாட்டுச் சங்கம் ஒன்றை நிறுவி, குண்டும் குழியுமாகக் கிடந்த பாதைகளைச் செப்பனிடுமாறு அதிகாரிகளை வலியுறுத்தினர். 1888-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் மிதிவண்டியையும் ஒரு வாகனமாக ஏற்று, சாலையில் செல்லும் அதன் உரிமையை உறுதிசெய்தது. அவர்கள் கேட்டுப் பெற்ற வழுவழுப்பான சாலையில் பின்னால் வந்த கார்கள் விரைந்தன. இன்றும் வேக வரம்புப் பலகை தனியாக இல்லாத கிராமச் சாலையில் கார்களுக்குச் சட்டப்படியான உச்ச வேகம் மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 96 கிலோமீட்டர். பெரும்பாலோர் அவ்வளவு வேகத்தில் செல்வதில்லை. ஆயினும் சாலை அமைதியாக இருக்கிறது என்பதால் கவனம் குறையலாகாது.

பழகுவதற்கு ஒரு பழைய ரயில் பாதை

நெடுநாள் மிதிவண்டியைத் தொடாதவர்கள் நேரே கிராமச் சாலையில் இறங்க வேண்டியதில்லை. நாங்கள் முதலில் பிரிஸ்டல் நகரிலிருந்து பாத் நகருக்குச் செல்லும் 13 மைல், அதாவது சுமார் 21 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையைத் தேர்ந்துகொண்டோம். இது முன்னாளில் ரயில் ஓடிய தடம். 1960-களில் பிரிட்டன் முழுவதும் வருவாய் குறைந்த ரயில் தடங்கள் மூடப்பட்டபோது, 1966-இல் இத்தடத்திலும் பயணிகள் ரயில் நின்றுபோனது. 1977-இல் பிரிஸ்டல் நகரில் கூடிய மிதிவண்டி ஆர்வலர்கள், கைவிடப்பட்ட அந்தத் தடத்தைப் பாதையாக மாற்ற முனைந்தனர். தன்னார்வத் தொண்டர்கள் மண்வெட்டியுடன் வந்து உழைக்க, 1979-இல் தொடங்கிய பணி 1986-இல் நிறைவுற்றது. அந்தக் குழுவே பின்னாளில் சஸ்ட்ரான்ஸ் என்னும் அறக்கட்டளையாக வளர்ந்து, நாடு முழுவதையும் இணைக்கும் தேசிய மிதிவண்டி வலையமைப்பை உருவாக்கியது.

ரயில் செங்குத்தாக ஏறாது. ஆகவே ரயில் பாதையில் அமைந்த மிதிவண்டிப் பாதையும் செங்குத்தாக ஏறுவதில்லை. வழியில் ஸ்டேபிள் ஹில் என்னுமிடத்தில் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று உண்டு. விளக்கொளியில் செங்கல் வளைவுக்கு அடியே குளிர்காற்று முகத்தில் மோத மிதித்துச் செல்லும்போது, கூவிக்கொண்டு ஒரு நீராவி எஞ்சின் எதிரே வந்துவிடுமோ என்று தோன்றும். பிட்டன் என்னும் பழைய நிலையத்தில் அந்த எஞ்சினை மெய்யாகவே காணலாம்; ஆர்வலர்கள் அங்கே ஒரு சிறு தொலைவுக்குத் தண்டவாளத்தைக் காத்துவருகிறார்கள். நடப்பவர்கள், குழந்தை வண்டி தள்ளுபவர்கள், நாயுடன் உலவுபவர்கள் யாவரும் இப்பாதையைப் பகிர்ந்துகொள்வதால், மணியடித்து, வேகத்தைக் குறைத்து, நன்றி சொல்லிக் கடக்க வேண்டும். அன்று மாலை பாத் நகரில் இறங்கியபோது எங்கள் கால்கள் இளமையை நினைவுகூர்ந்தன. அதனால் வந்த மிகையான துணிச்சல்தான் மறுநாள் எங்களைச் சோதித்தது.

தேன் நிறக் கற்களின் நாடு

இங்கிலாந்தின் தென்மேற்கு நடுப்பகுதியில் ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ளது காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதி. 1966 முதல் இது சிறப்பு இயற்கை எழில் பகுதியாகப் பாதுகாக்கப்படுகிறது. மண்ணுக்கு அடியில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லாலேயே வீடு, தேவாலயம், பாலம், வயல்வரப்புச் சுவர் எல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன. கல்லில் கலந்துள்ள இரும்புச் சத்தால் அதற்குத் தேனின் நிறம். மாலை வெயிலில் ஊர் முழுவதும் உள்ளிருந்து ஒளிர்வது போலிருக்கும். வயல்வரப்புச் சுவர்களில் சாந்து என்பதே கிடையாது. கல்லின்மேல் கல்லைப் பொருத்தி அடுக்கியே எழுப்புகிறார்கள்.

லண்டனின் பாடிங்டன் நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் மோர்ட்டன்-இன்-மார்ஷ் என்னும் சிறு சந்தை ஊரை ரயிலில் அடையலாம். நாங்கள் அங்கேயே தங்கி, வாடகைக்கு இரண்டு மிதிவண்டிகள் எடுத்துக்கொண்டோம். ஊரின் அகன்ற நெடுந்தெரு, ரோமானியர் அமைத்த ஃபாஸ் வே என்னும் சாலையின் ஒரு பகுதி. நேர்கோடாகச் செல்லும் அச்சாலை இன்று ‘ஏ’ வகை முதன்மைச் சாலை, சுமையுந்துகள் விரையும். மிதிவண்டியில் செல்வோர் அதைத் தவிர்த்து, பக்கத்துக் கிராமச் சாலைகளில் வளைந்து செல்வதே நல்லது. தொலைவு சற்றுக் கூடும். மனம் நிம்மதியாக இருக்கும்.

மோர்ட்டனிலிருந்து லாங்பரோ, அப்பர் ஸ்லாட்டர், லோயர் ஸ்லாட்டர், போர்ட்டன்-ஆன்-தி-வாட்டர், ஸ்டோ-ஆன்-தி-வோல்ட், பிராட்வெல் வழியாகச் சுற்றி மீண்டும் மோர்ட்டனுக்கு வரும் வழி சுமார் 35 கிலோமீட்டர். ஒரு நாளுக்கு இதுவே போதும். நாங்களோ, பாத் நகரின் துணிச்சலில் 60 கிலோமீட்டர் என்று திட்டமிட்டிருந்தோம்.

ஸ்லாட்டர் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இன்று படுகொலை என்று பொருள். ஊரின் பெயரோ சேற்று நிலத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது. லோயர் ஸ்லாட்டரில் ஐ என்னும் சிற்றோடை வீட்டு வாசல்களை ஒட்டியே ஓடுகிறது. கல்பலகைகளை இட்டு அமைத்த சிறு பாலங்கள் மீது நடந்து மக்கள் தத்தம் வீட்டுக்குச் செல்கிறார்கள். ஓடையின் மேல்முனையில் சக்கரத்துடன் ஒரு பழைய மாவு ஆலை. சற்று வடக்கே உள்ள அப்பர் ஸ்லாட்டருக்கு வேறொரு பெருமை உண்டு. இங்கிலாந்தின் ஏறக்குறைய எல்லாக் கிராமங்களிலும் உலகப் போர்களில் மாண்டவர்களின் பெயர் பொறித்த நினைவுத் தூண் நிற்கும். சிறிய ஊர்களிலும் சில பெயர்களேனும் இருப்பது வழக்கம். ஒரே குடும்பப் பெயர் இருமுறை மும்முறை வருவதும் உண்டு. அப்பர் ஸ்லாட்டரிலிருந்து இரு உலகப் போர்களுக்கும் சென்ற அனைவரும் உயிருடன் திரும்பினர். இவ்வாறு இரு போர்களிலும் எவரையும் இழக்காத ஊர்கள் மிகச் சிலவே. வழியெங்கும் நினைவுத் தூண்களைப் பார்த்து வந்த எங்களுக்கு, அந்த ஊரின் அமைதி வேறாகத் தோன்றியது.

போர்ட்டன்-ஆன்-தி-வாட்டர் ஊரில் விண்ட்ரஷ் ஆறு கணுக்கால் ஆழத்தில் தெளிந்து ஓடுகிறது. அதன்மீது தாழ்வான கல் பாலங்கள். விடுமுறை நாளில் இங்கே கூட்டம் நெரியும். காலையில் வந்து விரைவில் கடந்துவிடுவது நல்லது. அங்கிருந்து ஸ்டோவுக்கு ஏற்றம். ஸ்டோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 240 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் மலைகளோடு ஒப்பிட்டால் இது ஒரு மேடு. ஆனால் 60 கிலோமீட்டர் கனவுடன் காலையிலிருந்து முரட்டுத்தனமாக மிதித்த கால்களுக்கு அது மலையாயிற்று. முழங்கால் வலி திரும்பியது. நேரே ஏறாமல், பள்ளத்தாக்கிலேயே ஒரு சிற்றூரில் இறங்கித் தேநீர்க் கடை ஒன்றில் அமர்ந்தோம். சூடான காய்கறிச் சூப்பும் ரொட்டியும் தேநீரும் ஜாம் தடவிய இரண்டு ஸ்கோன்களும் உண்டோம். கணக்கு 14 பவுண்டு 20 பென்ஸ்.

பற்று அட்டையை நீட்டினோம், இயந்திரம் மறுத்தது. வெளிநாட்டுப் பயன்பாட்டுக்காக நாங்கள் வாங்கியிருந்த அந்நியச் செலாவணி அட்டை மோர்ட்டனில் பெட்டிக்குள் இருந்தது. கையிலிருந்த பற்று அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்க வேண்டும் என்பதை மறந்திருந்தோம். கைப்பேசிச் செயலியில் இயக்கலாம் என்றால் அந்தப் பள்ளத்தாக்கில் சமிக்ஞை இல்லை. நல்லவேளையாக, பல்லாண்டுகளுக்கு முன் இங்கிலாந்து சென்று வந்த உறவினர் தந்த ஒரு 20 பவுண்டு நோட்டு பணப்பையில் இருந்தது. பெருமையுடன் எடுத்து நீட்டினோம். கடைக்கார அம்மையார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெல்லத் தலையசைத்தார். ஆடம் ஸ்மித்தின் உருவம் பொறித்த காகித நோட்டு அது. காகிதத்தாலான 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பின் கடைகளில் செல்லா. இங்கிலாந்து வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்; தேநீர்க் கடையில் மாற்ற முடியாது.

வங்கியின் இதழைப் பல்லாண்டுகளாகப் படித்துவரும் நாங்கள், 14 பவுண்டுக்கு வழியின்றி ஓர் அயல்நாட்டுக் கடையில் நின்றோம். கைக்கடிகாரத்தை அடகாக வைத்துக்கொள்ளுமாறு சொன்னோம். அந்த அம்மையார் சிரித்துவிட்டு, “இந்தப் பக்கம் மீண்டும் வரும்போது கொடுங்கள்” என்றார். பெயர் கேட்கவில்லை, தங்கும் இடம் கேட்கவில்லை, எதையும் எழுதி வைத்துக்கொள்ளவும் இல்லை.

கடனை அடைக்கச் சென்ற காலை

அன்றிரவு எங்களுக்குள் நீண்ட பேச்சு. மறுநாள் திட்டம் வடக்கு நோக்கியது. பிராட்வே கோபுரம் வரை சென்று திரும்புவதாக இருந்தது. கடனோ தெற்கே இருந்தது. முழங்கால் வீங்கியிருந்தது. அஞ்சலில் அனுப்பலாமா, வாடகைக் கார் ஒன்றில் சென்று கொடுத்துவிடலாமா என்றெல்லாம் எண்ணினோம். இறுதியில், பிராட்வே கோபுரத்தை விட்டுவிட்டு மிதிவண்டியிலேயே தெற்கே செல்வது என்று முடிவாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனையுடன்: எங்களில் ஒருவர் மின்விசை மிதிவண்டிக்கு மாற வேண்டும். அதுவரை அதைத் தோல்வியின் அடையாளமாக நினைத்து மறுத்துவந்தவர் அவர். மிதித்தால் மட்டுமே அதன் மோட்டார் துணை செய்யும். மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் நின்றுவிடும். 14 வயது நிறைந்த எவரும் உரிமமின்றி ஓட்டலாம். ஏற்றத்தில் பின்னாலிருந்து யாரோ அன்பாகத் தள்ளிவிடுவது போன்ற உணர்வு என்றார், முதல் மேட்டில் ஏறியதும்.

எங்கள் பயணத்திலேயே மிகச் சிறந்த காலை அதுதான். எந்த இடத்தையும் பார்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிராட்வெல் ஊரின் அகன்ற புல்தரையில் நின்று, சாலையைக் குறுக்கறுத்து ஓடும் நீரோடையில் சக்கரங்களை நனைத்தோம். வேலியோரம் ஒரு வீட்டு வாசலில் மரப்பெட்டி. உள்ளே முட்டைகள், ஜாம் குப்பிகள், அருகே காசு போட ஒரு தகரப் பெட்டி. விற்பவர் எவரும் இல்லை. எடுத்துக்கொண்டு விலையைப் போட்டுவிட்டுச் செல்ல வேண்டியதுதான். முதல் நாளிலும் இத்தகைய பெட்டிகள் வழியில் இருந்திருக்கும். நாங்கள் கடந்த வேகத்தில் கண்ணில் படவில்லை. ஒரு வளைவில் டிராக்டர் ஒன்று எதிர்ப்பட்டது. ஓட்டி வந்த இளைஞர் ஒதுங்குமிடம் வரை பின்னோக்கிச் சென்று நின்று, நாங்கள் கடந்ததும் ஒரு விரலை உயர்த்தி வணக்கம் தெரிவித்தார். அடுத்த முறை ஒதுங்கியது நாங்கள். விரல் உயர்த்தியதும் நாங்கள்.

தேநீர்க் கடையில் அந்நியச் செலாவணி அட்டை உடனே வேலை செய்தது. நேற்றைய 14 பவுண்டு 20 பென்ஸையும் அன்றைய தேநீருக்கான தொகையையும் செலுத்தினோம். “இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?” என்று கேட்ட அம்மையார், தேநீருக்குக் காசு வாங்க மறுத்தார். நாங்கள் வற்புறுத்தினோம். கடைசியில் தேநீர் எங்கள் கணக்கு, ஸ்கோன் அவர் கணக்கு என்று உடன்பாடு ஆயிற்று. வீட்டுக் கடன், கல்விக் கடன் என்று பலவற்றை அடைத்திருக்கிறோம். கடன் அடைத்த நாளில் இவ்வளவு மகிழ்ந்து சிரித்தது இதுவே முதல் முறை.

கம்பளி கட்டிய ஊர்கள்

அதற்கு அடுத்த நாள், மோர்ட்டனிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிப்பிங் கேம்ப்டனுக்குச் சென்றோம். இடைக்காலத்தில் இங்கிலாந்தின் செல்வம் ஆட்டுக் கம்பளியில் இருந்தது. காட்ஸ்வோல்ட்ஸ் கம்பளி ஐரோப்பாவெங்கும் விலைபோயிற்று. வில்லியம் கிரெவல் என்னும் கம்பளி வணிகர் 1380-ஆம் ஆண்டையொட்டிக் கட்டிய வீடு நெடுந்தெருவில் இன்றும் நிற்கிறது. தெருவின் நடுவில் தூண்களும் வளைவுகளும் கொண்ட திறந்த கல் மண்டபம் ஒன்று உண்டு. வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோழி விற்க வருவோர் மழையில் நனையாதிருக்க 1627-இல் அதைக் கட்டிக்கொடுத்தவர் சர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ். லண்டனில் பட்டு வணிகம் செய்து, அரசர் முதலாம் ஜேம்ஸுக்கே கடன் கொடுத்தவர் அவர். பாதங்கள் பட்டுத் தேய்ந்து மேடுபள்ளமான அதன் கல்தரையில் அமர்ந்து மழை விடும்வரை காத்திருந்தோம்.

1940-களில் இந்த மண்டபம் அமெரிக்கர் ஒருவருக்கு விலைபோகவிருந்தது. ஊர் மக்கள் தங்களுக்குள் பணம் திரட்டி அதை வாங்கி, தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். கைவிட்ட ரயில் தடத்தைப் பாதையாக்கிய பிரிஸ்டல் தொண்டர்களும், சந்தை மண்டபத்தை மீட்ட கேம்ப்டன் மக்களும் எங்கள் பேச்சில் ஒன்றாக வந்து நின்றார்கள். இங்கிலாந்துக் கிராமத்தின் அழகு தானாக எஞ்சியிருப்பதன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ சிலர் பணமோ உழைப்போ போட்டு அதைக் காத்திருக்கிறார்கள்.

ஓவியர் கண்ட சமவெளி

ஏற்றமே வேண்டாம் என்பவர்களுக்குக் கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டம் ஏற்றது. அதன் மிக உயர்ந்த இடமே சுமார் 128 மீட்டர்தான். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து மானிங்ட்ரீ வரை ரயிலில் சென்று, அங்கிருந்து ஃபிளாட்ஃபோர்டு, ஈஸ்ட் பெர்கோல்ட், ஹாட்லி, கெர்சி வழியாக லாவனம் வரை இரண்டு நாள்களில் நிதானமாகச் செல்லலாம். ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1776-இல் ஈஸ்ட் பெர்கோல்ட் ஊரில் பிறந்தார். ஆற்றில் நிற்கும் வைக்கோல் வண்டியை அவர் 1821-இல் தீட்டிய ஓவியம் லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. அந்த ஓவியத்தின் இடப்பக்கத்தில் காணும் வீடு ஃபிளாட்ஃபோர்டில் இன்றும் ஆற்றங்கரையில் நிற்கிறது.

ஈஸ்ட் பெர்கோல்ட் தேவாலயத்தின் கோபுரம் பாதியில் நின்றுபோயிற்று. ஆகவே 1531-இல் மணிகளைத் தற்காலிகமாக வைக்கத் தரையிலேயே ஒரு மரக்கூண்டு கட்டினர். கோபுரம் இன்றுவரை முடியவில்லை. மணிகளும் கூண்டிலேயே உள்ளன. கயிறின்றிக் கையாலேயே அவற்றை அசைத்து ஒலிக்கச் செய்கிறார்கள். கெர்சியில் முக்கியத் தெருவின் நடுவே ஓடை குறுக்கிடுகிறது. வாகனங்கள் நீரில் இறங்கி ஏற வேண்டும். லாவனத்தில் சாய்ந்தும் நெளிந்தும் நிற்கும் மரச்சட்ட வீடுகள் தெருத்தெருவாக உள்ளன. ஒரு காலத்தில் கம்பளித் துணியால் இங்கிலாந்தின் செல்வ ஊர்களுள் ஒன்றாக விளங்கிய ஊர் அது. தொழில் நொடித்ததும் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்ட மக்களிடம் பணமில்லை. அந்த வறுமையே இன்று ஊரின் செல்வமாகிவிட்டது. சஃபோக்கில் பல கிராமச் சாலைகளுக்கு ‘அமைதிச் சாலை’ என்ற அறிவிப்பு உண்டு. நடப்போர், மிதிவண்டியில் செல்வோர், குதிரையில் வருவோர் ஆகியோருடன் சாலையைப் பகிர்ந்துகொள்ளுமாறு அது கார் ஓட்டுநர்களுக்கு நினைவூட்டுகிறது.

புறப்படும் முன்

காலம்: மே முதல் செப்டம்பர் வரை உகந்தது. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். எந்த மாதமாயினும் மழைச்சட்டை பையில் இருக்கட்டும்.

சாலை: நம் நாட்டைப் போலவே இடப்பக்கம் செல்லும் வழக்கம், நமக்கு இது பெரிய வசதி. இருட்டிய பின் முன்புறம் வெள்ளை விளக்கும் பின்புறம் சிவப்பு விளக்கும் சட்டப்படி கட்டாயம். தலைக்கவசம் கட்டாயமில்லை எனினும் அணிவதே அறிவுடைமை. ஓட்டுநர்கள் மிதிவண்டியைக் கடக்கும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று அந்நாட்டு நெடுஞ்சாலை விதித்தொகுப்பு 2022 முதல் கூறுகிறது.

வரைபடம்: ஆர்டனன்ஸ் சர்வே என்னும் அரசு நிறுவனத்தின் 1:50,000 அளவிலான வரைபடத்தில் மஞ்சள் நிறச் சாலைகளே நமக்குரியவை. சாலையின்மீது ஓர் அம்புக்குறி இருந்தால் 14 முதல் 20 விழுக்காடு வரை சரிவு. இரண்டு இருந்தால் அதைவிடச் செங்குத்து. அம்பு காட்டுவது இறக்கத்தின் திசை. அதன் எதிர்த்திசையில் செல்வோர் வேறு வழி தேடலாம்.

தொலைவு: உள்ளூரில் ஒரு நாளில் எவ்வளவு மிதிக்க முடியுமோ அதில் பாதியைத் திட்டமிடுங்கள். நெடுந்தொலைவு ரயில்கள் பலவற்றில் மிதிவண்டியை ஏற்ற முன்பதிவு வேண்டும். சென்ற இடத்திலேயே வாடகைக்கு எடுப்பது எளிது.

பணம்: உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படும் முன்பே இயக்கி, உச்சவரம்பையும் நிர்ணயித்துக்கொள்ளுங்கள், திரும்பியதும் நிறுத்திவிடுங்கள். அந்நியச் செலாவணி அட்டை ஒன்றும் மாற்று அட்டை ஒன்றும் வெவ்வேறு பைகளில் இருக்கட்டும். இரண்டில் ஒன்று எப்போதும் உடன் இருக்கட்டும். கடை இயந்திரம் பவுண்டிலா ரூபாயிலா என்று கேட்டால் பவுண்டையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தில் இழப்பு நேரக்கூடும். கிராமங்களில் வங்கிக் கிளையும் பணம் வழங்கும் இயந்திரமும் அரிது. சில்லறை நாணயங்கள் கைவசம் இருந்தால் வேலியோர முட்டைப் பெட்டிக்கு உதவும். உறவினர் தரும் பழைய நோட்டுகளைப் பார்த்து வாங்குங்கள். இந்தியாவில் வசிப்போர் தாராளமயப் பணமனுப்புதல் திட்டத்தின்கீழ் நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுச் செலவுகளுக்கு அனுப்பலாம். அதற்குரிய வரிப் பிடித்தம் குறித்து உங்கள் கிளையில் கேட்டறியலாம்.

காப்பீடு: பயணக் காப்பீடு எடுக்கும்போது மிதிவண்டி ஓட்டுதல் அதில் அடங்குமா என்று எழுத்து வடிவில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 999.

ஊர் திரும்பியபின் உறவினர்கள் முதலில் கேட்ட கேள்வி, எத்தனை கிலோமீட்டர் மிதித்தீர்கள் என்பதே. கூட்டிப் பார்த்தால் பெரிய தொகையன்று. பிராட்வே கோபுரத்தைப் பார்க்கவில்லை என்று கேட்டு ஒருவர் உச்சுக்கொட்டினார். எங்களுக்கு அந்த வருத்தம் இல்லை. ஆடம் ஸ்மித் நோட்டு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. இங்கிலாந்து வங்கியில் மாற்றுவதற்கு லண்டனில் நேரம் கிடைக்கவில்லை. அடுத்த தொடர் வைப்புக் கணக்கின் புத்தகத்துக்குள் அதை வைத்திருக்கிறோம்.